கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்த வழி?

கறுப்பு வெள்ளையில் முறையாகப் படம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் இன்று முடிவு செய்தால், அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பிலிமில் எடுத்து, தானே கழுவி, இருட்டறையில் தாளில் பிரிண்ட் போடுவது ஒன்று. பிலிமில் எடுத்து, நெகட்டிவை ஸ்கேன் செய்து, மீதி வேலையைக் கணினியில் பார்த்துக்கொள்வது இரண்டாவது. வழக்கமான டிஜிட்டல் கேமராவில் வண்ணத்தில் எடுத்துப் பிறகு வண்ணத்தை நீக்கிவிடுவது மூன்றாவது. வண்ணமே அறியாத, கறுப்பு வெள்ளைக்கென்றே செய்த சென்சார் உள்ள கேமராவை வாங்குவது நான்காவது. என் அண்ணன் மகன் சென்ற மாதம் இந்தக் குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தான். அவனிடம் அன்று வாயால் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

“பிலிம்ல காசப் போட்டா, பத்து வருஷம் கழிச்சு அது கிடைக்குமா சித்தப்பா?” என்பதுதான் அவன் முதலில் கேட்டது. நியாயமான பயம். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 1960இல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்திக்கு வந்த அந்த ஆலையின் ‘இந்து’ பிலிமும் தாளும் ஒரு தலைமுறைக்கு நம் ஸ்டுடியோக்களின் அன்றாடச் சரக்காக இருந்தன. வண்ணப் பிலிம் பரவி, இறக்குமதியும் எளிதானபின் அந்த ஆலையால் நிமிர முடியவில்லை. 1990களில் நலிந்த நிறுவனமாகி, பிறகு மெல்ல மெல்ல மூடப்பட்டது. ஊட்டியை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் கறுப்பு வெள்ளைப் பிலிமின் கதை அங்கேயே முடிந்துவிட்டதென்றுதான் தோன்றும்.

ஆனால் வேறு இடங்களில் அது அப்படி முடியவில்லை. 1879 முதல் இயங்கிவந்த பிலிம் நிறுவனமான இல்ஃபோர்டு 2004இல் கடனில் மூழ்கியபோது, அதன் மேலாளர்களே அடுத்த ஆண்டு கறுப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில் தொடர்ந்து நடத்தினார்கள்; பின்னர் கை மாறினாலும் அது இங்கிலாந்தின் மாபர்லியில் இன்றும் இயங்குகிறது. செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே நகரில் 1921இல் தோன்றிய ஃபோமா இன்றும் பிலிமும் தாளும் செய்கிறது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே ஆண்டில் நிறுத்திய டி-மேக்ஸ் பி3200 பிலிம் 2018இல் கோடாக் பெயரிலேயே திரும்ப வந்தது. ஃபியூஜி 2018இல் தன் அக்ராஸ் பிலிமை நிறுத்தி, 2019இல் அக்ராஸ் 2 என்று வெளியிட்டது. ஜப்பானிய நிறுவனத்தின் அந்தப் பிலிம் பெட்டியில் பிரிட்டனில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டியாளர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொள்ளும் அளவுக்குத் தொழில் சிறுத்துவிட்டது என்பது உண்மை. சிறுத்ததனால்தான் நிலைத்தது என்பதும் உண்மை.

இதற்குக் காரணம் பிலிமின் உடலமைப்பிலேயே இருக்கிறது. வண்ண நெகட்டிவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளைப் பூச வேண்டும். சாயம் உண்டாக்கும் சேர்மங்கள் அந்தந்த அடுக்கில் பிசகாமல் உட்கார வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு வெள்ளி உப்பும் ஜெலட்டினும் கலந்த சில அடுக்குகள் போதும் என்பதால், சிறிய ஆலையும் அதைச் செய்து லாபம் பார்க்க முடியும். அனுபவம் மிகுந்த ஹார்மன் நிறுவனமே தன் முதல் வண்ண நெகட்டிவ் பிலிமான ஃபீனிக்ஸை 2023 இறுதியில்தான் வெளியிட்டது; அதுவும் துகள் மிகுந்த, முரட்டுத்தனமான பிலிமாகத்தான் இருந்தது. கழுவும் ரசாயனமும் அப்படித்தான். 1920களிலிருந்து புழங்கும் டி-76 டெவலப்பரின் சூத்திரம் ஒளிவுமறைவற்றது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். பொட்டலம் விற்பவர்கள் எல்லோரும் கடையை மூடினாலும் தராசு வைத்திருப்பவர் கலக்கிக்கொள்ளலாம். ஆகவே வண்ணப் பிலிமைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. கறுப்பு வெள்ளைப் பிலிம் அதைவிட நீண்ட நாள் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, கேமரா. நிக்கான் தன் கடைசித் தொழில்முறைப் பிலிம் கேமராவான எஃப்6ஐ 2020இல் நிறுத்திவிட்டது. பெண்டாக்ஸ் 2024இல் ‘பெண்டாக்ஸ் 17’ என்ற அரைச்சட்டகப் பிலிம் கேமராவைப் புதிதாக வெளியிட்டது மகிழ்ச்சிக்குரியது என்றாலும், நடைமுறையில் நாம் வாங்கப்போவது நாற்பது ஆண்டு பழைய நிக்கான் எஃப்எம்2வோ பெண்டாக்ஸ் கே1000மோதான். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் அடிக்கும் அந்தக் கேமராக்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் தொழில் கற்க உட்காருபவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. இரண்டாவது, பிரிண்ட் போடும் தாள். கோடாக் கறுப்பு வெள்ளைத் தாளை 2005லேயே கைவிட்டுவிட்டது. பிலிம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஸ்கேனோடு நின்றுவிடுவதால், பிலிமுக்கு வந்த புது வாழ்வு தாளுக்கு அந்த அளவு வரவில்லை.

இனி முதல் வழி. பிலிமைக் கழுவி பிரிண்ட் போடுவதில் உள்ள இன்பத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதன் தொல்லையைப் பற்றி, குறிப்பாக நம் தட்பவெப்பத்தில், எழுதியவர்கள் குறைவு. டெவலப்பரின் நேர அட்டவணைகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. சென்னையில் மே மாதப் பகலில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 33, 34 டிகிரி இருக்கும். (வண்ணப் பிலிமை ஏறத்தாழ 38 டிகிரியில் கழுவ வேண்டும், அதற்கு நம் ஊர் அடுப்பே இல்லாத அடுப்பு.) என் முதல் ரோலை அந்தச் சூட்டிலேயே, நேரத்தை மட்டும் சுருக்கிக் கழுவினேன். மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையில் ஊற்றுவதற்கு ஆகும் பத்து நொடிகூடப் படத்தில் தெரியும் என்பதை, வானம் முழுவதும் பட்டை பட்டையாகக் கிடந்த 36 படங்களைப் பார்த்துத்தான் கற்றேன். இப்போது பெரிய பிளாஸ்டிக் பேசினில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலையும் டேங்கையும் நிற்கவைத்து 24 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்தால், 20 டிகிரியில் இல்ஃபோர்டின் எச்பி5 பிலிமுக்குப் பதின்மூன்று நிமிடம் என்பது 24இல் சுமார் ஒன்பது நிமிடமாகும். ஒன்பது நிமிடம் நிதானமாக வேலை செய்யப் போதுமானது.

வியர்வையும் ஒரு எதிரி. கறுப்புத் துணிப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கண்ணால் பார்க்காமல் ரீலில் பிலிமைச் சுற்றும்போது, ஐந்து நிமிடத்தில் பைக்குள் புழுங்கத் தொடங்கிவிடும். ஈரம் பட்ட பிளாஸ்டிக் ரீலில் பிலிம் பாதியில் சிக்கிக்கொண்டு, முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அந்த நேரத்தில் பதறி இழுத்தால் பிலிமில் பிறைநிலா வடிவில் மடிப்பு விழும். விளக்கை அணைத்த குளியலறையில் இரவு பத்து மணிக்குமேல் சுற்றுவதும், பிளாஸ்டிக்குக்குப் பதில் எவர்சில்வர் ரீலுக்கு மாறுவதும் நான் கண்ட தீர்வுகள்.

தண்ணீர்ச் செலவைப் பற்றிய பயம் பாதிதான் சரி. படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஹைப்போவுக்குப் பிறகு பிலிமை ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவைக்கும் பழைய வழக்கம் தேவையில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டி, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை என்று இல்ஃபோர்டு சொல்லும் முறையில் மூன்று டேங்க் தண்ணீரோடு வேலை முடிகிறது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும் நான் பிலிம் கழுவுவதை நிறுத்தவில்லை. பிரிண்ட் போடுவதைத்தான் நிறுத்தினேன். கனமான ஃபைபர் தாள் ஹைப்போவை உறிஞ்சிக்கொள்வதால், அதை வெளியேற்றும் கரைசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீர் கேட்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி தாளுக்குச் சில நிமிடம் போதும். தேய்ந்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஒரு காலத்தில் ஸ்டுடியோக்களுக்கு அதை விலைகொடுத்து வாங்கிப்போக ஆள் வருவார்.

இத்தனைக்கும் பிறகு எதற்காக அந்த வழி? சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் பத்துப் பதினைந்து நொடியில் புருவமும் மூக்கும் எழுந்துவருவது பரவசம்தான். ஆனால் பரவசத்துக்காக, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரை வாங்கச் சொல்ல மாட்டேன். வெள்ளித் தாளின் கறுப்புக்கு ஓர் ஆழம் உண்டு. அதைத் திரையில் காட்ட முடியாது. நல்ல இங்க்ஜெட் பிரிண்ட் அதை நெருங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். மேலும், எந்த இடத்தை எத்தனை நொடி கையால் மறைத்தோம், எந்த மூலைக்குக் கூடுதலாக வெளிச்சம் விட்டோம் என்று ஒவ்வொரு பிரிண்டும் தனியாகச் செய்யப்படுவதால், சுவரில் மாட்டவும் பிறருக்குக் கொடுக்கவும் விரும்புகிறவருக்கு இதற்கு ஈடான வழி இல்லை.

இரண்டாவது வழிதான் இன்று அதிகம் பேர் போகும் வழி; எனக்கு அதிக மனக்குறை உள்ள வழியும் அதுதான். பலர் ரோலை லேபில் கொடுத்து, ஆறு மெகாபிக்சல் அளவிலான ஜேபெக் கோப்புகளை வாங்கிக்கொண்டு, அவற்றைக் கைப்பேசியில் பார்ப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். வேறு ஊர் லேப் ஒன்றுக்கு நான் ஒருமுறை இரண்டு ரோல் அனுப்பியபோது ஸ்கேன்கள் மின்னஞ்சலில் வந்தன. நெகட்டிவ் எங்கே என்று கேட்டால், யாரும் கேட்பதில்லை என்பதால் வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. பிலிமுக்கு அத்தனை பணம் கொடுத்து, நெகட்டிவை விட்டுவிட்டு, சுமாரான ஒரு டிஜிட்டல் படத்தை வாங்கிக்கொள்வது வாழைப்பழத்தை எறிந்துவிட்டுத் தோலைத் தின்பதற்குச் சமம்.

ஸ்கேன் வழியையே தேர்ந்தெடுத்தால், டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஒளிப்பலகையும் வைத்துத் தானே நெகட்டிவைப் படமெடுப்பது மேல். இதில் பலர் முன்கூட்டி அறியாத சங்கடம் ஒன்று உண்டு. வண்ண நெகட்டிவில் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு தூசியைக் கண்டுபிடித்துத் தானாக நீக்கும் வசதி பல ஸ்கேனர்களில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித்துகளால் ஆனது என்பதால், அந்தக் கதிருக்குத் தூசியும் மூக்கும் ஒன்றாகவே தெரியும். ஒவ்வொரு புள்ளியையும் கையால்தான் நீக்க வேண்டும். வண்ணப் பிலிம் கழுவும் ரசாயனத்திலேயே கழுவக்கூடிய, இல்ஃபோர்டின் எக்ஸ்பி2 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிம் இதற்கு விலக்கு. ஆனால் அதில் கடைசியில் மிஞ்சுவது சாயம், வெள்ளியில்லை.

மூன்றாவது, நான்காவது வழிகளை இகழ்ச்சியாகப் பேசும் பிலிம் பிரியர்கள், டிஜிட்டல் கேமராவே கறுப்பு வெள்ளையில்தான் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். கோடாக்கில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த கேமரா 100க்கு 100 புள்ளிகளில், கறுப்பு வெள்ளையில், ஒலிநாடாக் கேசட்டில் படத்தைப் பதிவுசெய்தது. சென்சாருக்கு மேல் சிவப்பு, பச்சை, நீலச் சதுரங்களை வைத்து வண்ணம் காணும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயரும் கோடாக் ஊழியர்தான். அந்தச் சதுரங்கள் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியின் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன; அவற்றை எடுத்துவிட்ட சென்சாரில் கூர்மையும் ஒளியுணர்வும் கூடுகின்றன. லைக்கா 2012இல் எம் மோனோக்ரோம் கேமராவிலும், பெண்டாக்ஸ் 2023இல் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் கேமராவிலும் செய்தது இதைத்தான். இரவில், கோயில் பிரகாரத்தின் எண்ணெய் விளக்கொளியில், இவற்றோடு எந்தப் பிலிமும் போட்டியிட முடியாது.

ஆனாலும் வண்ணச் சென்சாருக்கு ஒரு சலுகை உண்டு. வானத்தைக் கருமையாக்கச் சிவப்பு ஃபில்டர் வேண்டுமா, முகத்துக்குப் பச்சை வேண்டுமா என்பதை வீட்டுக்கு வந்தபிறகு, அதே கோப்பில், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். மோனோக்ரோம் கேமராவிலும் பிலிமிலும் அந்த முடிவை லென்ஸின் முன்னால் கண்ணாடியாக மாட்டிவிட்டுத்தான் ஷட்டரை அழுத்த வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு மூன்றாவது வழியைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. கையில் ஏற்கெனவே கேமரா இருந்தால் செலவும் இல்லை.

ஒளியைத் தாங்கும் விதத்தில் பிலிமும் சென்சாரும் எதிரெதிர்க் குணமுள்ளவை. நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி வயல் வரப்பில் நிற்கும் கறுத்த மேனியரான ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். பிலிமில் முகத்தின் நிழலுக்கு எக்ஸ்போஷர் வைத்து, வேட்டி எவ்வளவு வெளுத்தாலும் கவலைப்படாமல் எடுத்து, டெவலப்பரில் ஒன்றரை நிமிடம் குறைத்துக் கழுவினால், நெகட்டிவில் வேட்டியின் கொசுவ மடிப்புகள் பத்திரமாக இருக்கும். சென்சாரில் வேட்டி ஒருமுறை வெளுத்துவிட்டால் வெளுத்ததுதான்; அதனால் வேட்டிக்கு எக்ஸ்போஷர் வைத்து, முகத்தைப் பிறகு கணினியில் மேலே தூக்க வேண்டும். இன்றைய நல்ல சென்சார்கள் அப்படித் தூக்குவதை அழகாகத் தாங்குகின்றன. ஆக, இருவழியிலும் நல்ல படம் வரும். எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாவிட்டால் இரண்டிலும் வராது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல பிலிம் ஒரு ரோல் இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. மாதம் இரண்டு ரோல் என்றால், ரசாயனம் சேர்க்காமல் ஆண்டுக்கு 24,000 ரூபாய். பெண்டாக்ஸ் மோனோக்ரோம் வெளியானபோது அதன் உடல் மட்டும் சுமார் 2,200 டாலர். அதாவது ஏழெட்டு ஆண்டுப் பிலிம் செலவு. லைக்கா எம்11 மோனோக்ரோமின் 9,195 டாலர் வெளியீட்டு விலையை என் போன்றவர்கள் கணக்கில் சேர்ப்பதே வீண். நூறு அடி நீளச் சுருளை வாங்கி, பழைய டப்பாக்களில் நாமே வெட்டிச் சுற்றிக்கொண்டால் ஏறத்தாழ பதினெட்டு ரோல் தேறும். விலையும் கணிசமாகக் குறையும்.

நீடித்து நிற்பது எது என்ற கேள்விக்கு இருதரப்பும் அளவுக்கு மீறிப் பெருமை பேசுகின்றன. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வண்ணத் திரைப்படங்களையே மூன்று வண்ணக் கூறுகளாகப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதிந்து வைப்பது உண்டு. சாயம் மங்கும், வெள்ளி நிற்கும் என்பதே காரணம். நார்வேயின் ஸ்வால்பார்டில், உறைபனி நிலத்துச் சுரங்கத்துக்குள், கிட்ஹப் நிறுவனம் 2020இல் தன் மென்பொருள் களஞ்சியத்தின் 21 டெராபைட் தரவை 186 பிலிம் சுருள்களில் பதித்து வைத்தது. டிஜிட்டலைக் காப்பாற்றப் பிலிமிடம் போயிருக்கிறார்கள். ஆனால் அங்கே பனி. இங்கே ஐப்பசி மழை. நம் ஈரக்காற்றில் ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் பிலிமே சிதைந்து காடி வாடை வீசும். ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்துவிட்டு, ஆண்டுக்கு இருமுறை எடுத்துப் பார்ப்பவருக்கே நெகட்டிவ் நீடிக்கும். கோயில்களைப் படமெடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அவற்றைப் பெட்டியில் வைத்ததோடு நிற்காமல் டிஜிட்டலாகவும் மாற்றியிருக்கிறது. கணினிக் கோப்புக்கோ, யாராவது ஒருவர் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புது வட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பாவில் மறந்துபோன நெகட்டிவ் பேரனிடம் கிடைக்க வாய்ப்புண்டு. மறந்துபோன கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் படத்துக்கு அது குறைவு.

அண்ணன் மகனிடம் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: எடுத்த படம் எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய்? திரையில் என்றால் கையில் இருக்கும் கேமராவே போதும், மூன்றாவது வழியில் போ. இரவும் தெருவும்தான் உன் விஷயம், பணமும் இருக்கிறது என்றால் நான்காவது. சுவரில், கையில், ஆல்பத்தில் என்றால் முதல் வழி. இரண்டாவது வழியில் போவதானால் கழுவுவதும் நெகட்டிவை வைத்துக்கொள்வதும் உன் கையிலேயே இருக்கட்டும். அவன் “சுவர்ல” என்றான். அப்படியானால் என்லார்ஜருக்கு இப்போதே அலைய வேண்டாம், என் எஃப்எம்2வை எடுத்துக்கொள், ஐந்து ரோல் வாங்கு, ஐந்தையும் நீயே கழுவி, நெகட்டிவைத் தாளின்மேல் நேரடியாக வைத்துக் கான்டாக்ட் பிரிண்ட் மட்டும் போட்டுப் பார், அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மேலே பேசலாம் என்றேன். உடனே ஆரம்பிக்கிறேன் என்று எழுந்தவனை உட்காரவைத்து, மார்கழி வரட்டும், அதுவரை குழாய்த் தண்ணீரின் சூட்டை வாரம் ஒருமுறை அளந்து எழுதிவை என்று சொல்லி என் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பினேன்.